லினக்ஸ் கேட்கும் கேள்விகள்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளிக்கப்பட்டுவந்த பொதுவான ஆதரவு முடிவுற்றது. அதற்கு அடுத்து வந்த விண்டோஸ் 11, 2017ஆம் ஆண்டுக்கு முந்திய செயலிகளைக் கொண்ட கணிப்பொறிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. இதனால் திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்கும் எத்தனையோ கணிப்பொறிகள் பரணுக்கோ பழைய சாமான் கடைக்கோ போகின்றன. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மடிக்கணினி இருக்கலாம். அதைத் தூக்கிப் போடும் முன் சற்றுப் பொறுங்கள். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை அதில் நிறுவிப் பார்க்கலாம். அதற்கு விலை ஏதும் இல்லை.

இயங்குதளம் என்பது யாது? ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். இருக்கும் தண்ணீரை எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று முறை வைத்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. கணிப்பொறியில் செயலி ஒன்று, நினைவகம் அளவானது, வட்டும் ஒன்றே. அவற்றைக் கேட்டு நிற்கும் நிரல்களோ பல. இவற்றுக்கு முறை வைத்துக் கொடுக்கும் நீர்க்கட்டிதான் இயங்குதளம். அதன் நடுப்பகுதியைக் கருவகம் என்கிறோம். லினக்ஸ் என்பது உண்மையில் அந்தக் கருவகத்தின் பெயரே.

லினக்ஸை நிறுவத் தொடங்கியதும் திரையில் சில கேள்விகள் தோன்றும். வட்டை எவ்வாறு பிரிப்பது? இடமாற்றுப் பகுதி எவ்வளவு? உங்கள் பெயர் என்ன? கடவுச்சொல் என்ன? இவற்றைக் கண்டு மிரண்டு, பாதியிலேயே நிறுத்திவிடுபவர் பலர். இக்கேள்விகளை யாரும் வேண்டுமென்றே கடினமாக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் சந்தித்த இடர்ப்பாட்டிலிருந்து பிறந்தது. அந்த வரலாற்றை அறிந்தால் கேள்வி விளங்கும், விடையும் எளிதாகும்.

மூன்று வாரத்தில் ஓர் இயங்குதளம்

1965இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், பெல் ஆய்வகம் ஆகிய மூன்றும் கூடி மல்டிக்ஸ் என்னும் மாபெரும் இயங்குதளத்தை உருவாக்க முனைந்தன. பலர் ஒரே நேரத்தில் ஒரு கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளச் செய்வது அதன் நோக்கம். வேலை நீண்டுகொண்டே போயிற்று. 1969இல் பெல் ஆய்வகம் அதிலிருந்து விலகிக்கொண்டது.

அத்திட்டத்தில் பணியாற்றிய கென் தாம்சன், நியூ ஜெர்சி மாநிலத்தின் மரே ஹில்லில் இருந்த ஆய்வகத்தில், அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறிய கணிப்பொறியைக் கண்டார். அவருடைய மனைவி குழந்தையை அழைத்துக்கொண்டு மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்த சமயத்தில், அதற்கென ஓர் இயங்குதளத்தின் முக்கியப் பகுதிகளை எழுதி முடித்தார். அதுவே யூனிக்ஸ். டென்னிஸ் ரிட்சி அவருக்குத் துணை நின்றார். மல்டிக்ஸில் 'மல்டி' என்றால் பல. யூனிக்ஸில் 'யூனி' என்றால் ஒன்று. பெயரே ஒரு கேலிதான்.

அந்த இயந்திரத்தின் நினைவகம் எவ்வளவு தெரியுமா? 18 பிட்டுகள் கொண்ட சொற்கள் 8,192. கணக்கிட்டால் 18,432 பைட்டுகள். இன்று 2 கிகாபைட் நினைவகம் உள்ள கணிப்பொறியைப் பழையது என்று ஒதுக்குகிறோம். அது தாம்சன் வைத்திருந்ததைப் போல் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் மடங்கு! 1973இல் யூனிக்ஸ், ரிட்சி உருவாக்கிய சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. அதன்பின் ஒரு வகைக் கணிப்பொறியிலிருந்து வேறொரு வகைக்கு அதைக் கொண்டுசெல்வது எளிதாயிற்று.

படிக்கத் தடை

பெல் ஆய்வகம் ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது. அந்நிறுவனம் தொலைபேசித் துறையைத் தாண்டி வேறு வணிகத்தில் இறங்கக் கூடாது என்று 1956இல் அமெரிக்க அரசுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. ஆகவே யூனிக்ஸை விற்பனைப் பொருளாக்க அதனால் முடியவில்லை. பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில், மூல நிரலோடு கொடுத்தது. மூல நிரல் என்பது மனிதர் படித்தறியக்கூடிய வடிவில் உள்ள நிரல். மாணவர்கள் அதைப் படித்தார்கள், திருத்தினார்கள், திருத்தியதைப் பிறருக்கும் கொடுத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்னும் ஆசிரியர் இருந்தார். யூனிக்ஸின் ஆறாம் பதிப்புக் கருவகத்திற்கு வரிக்கு வரி விளக்கவுரை எழுதி, 1977இல் தம் மாணவர்களுக்குப் பாடமாக வைத்தார். நம் உரையாசிரியர்கள் மூலத்தைக் கொடுத்து அதன்கீழ் உரை எழுதியது போன்ற பணி அது. ஆனால் 1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது! லயன்ஸின் உரை பல ஆண்டுகள் ஒளிநகலாகவே கைமாறியது. அச்சில் முறையாக வெளிவந்தது 1996இல்தான்.

ஆசிரியர் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தத் தடையின் கொடுமை நன்கு விளங்கும். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, உள்ளிருக்கும் மின்சுற்றை எப்படிக் கற்பிப்பது? ஆம்ஸ்டர்டாம் நகரின் விரையே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம் இதற்கு ஒரு வழி கண்டார். யூனிக்ஸ் போலவே இயங்கும், ஆனால் அதன் ஒரு வரியையும் பயன்படுத்தாத, மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தைத் தாமே எழுதி, 1987இல் ஒரு பாடநூலோடு வெளியிட்டார்.

இதற்கிடையே ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும், படிக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள முழு இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக 1983 செப்டம்பர் 27 அன்று அறிவித்தார். அதன் பெயர் குனு. 1989இல் பொது உரிமம் ஒன்றையும் வகுத்தார். அந்த உரிமத்தின்கீழ் வரும் நிரலைத் திருத்தி வெளியிடுவோர், தம் திருத்தத்தையும் அதே உரிமையோடு பிறருக்கு வழங்க வேண்டும். 1991 வாக்கில் குனுவுக்குத் தேவையான கருவிகள் பலவும் ஆயத்தமாகிவிட்டன. கருவகம் ஒன்றுதான் குறை.

ஹெல்சிங்கி மாணவர்

அந்தக் குறையைத் தீர்த்தவர் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ். அப்போது வயது 21. 1991 சனவரியில் இன்டெல் 386 செயலி கொண்ட கணிப்பொறி ஒன்றை வாங்கி, அதில் மினிக்ஸை நிறுவினார். பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு தொலைபேசி வழியே தொடர்புகொள்ள அவர் எழுதத் தொடங்கிய சிறு நிரல், கோப்புகளைச் சேமிக்கும் வசதியும் பெற்று, மெல்ல ஒரு கருவகமாகவே வளர்ந்துவிட்டது. ஆகஸ்டு 25 அன்று மினிக்ஸ் பயன்படுத்துவோருக்கு இதை அறிவித்தார். செப்டம்பரில் 0.01 பதிப்பு வெளிவந்தது. ஏறத்தாழ 10,000 வரிகள். அவர் அதற்கு வைக்க நினைத்த பெயர் பிரீக்ஸ். கோப்புகளைத் தம் பொறுப்பில் இருந்த கணிப்பொறியில் ஏற்றிவைத்த அரி லெம்கே என்பவர், அந்த அடைவுக்கு லினக்ஸ் என்று பெயரிட்டார். அதுவே நிலைத்தது.

லினக்ஸை விற்கக் கூடாது என்றுதான் டோர்வால்ட்ஸ் முதலில் நிபந்தனை விதித்திருந்தார். இதனால் நெகிழ்வட்டில் நகலெடுத்துக் கொடுப்பவர் வட்டின் விலையைக்கூடக் கேட்க முடியாத நிலை. 1992இன் தொடக்கத்தில் குனுவின் பொது உரிமத்திற்கு மாறினார். கருவகம் லினக்ஸ், கருவிகள் குனு என்று இரண்டும் இணைந்து முழு இயங்குதளம் உருவாயிற்று.

நெகிழ்வட்டிலிருந்து விரற்கடைக்கு

முதல் பதிப்பை நிறுவ மினிக்ஸ் முன்பே இருந்தாக வேண்டும். சில மாதங்களில் அந்தத் தேவை நீங்கியது. தொடக்க வட்டு ஒன்று, கோப்புகள் அடங்கிய மூல வட்டு ஒன்று, ஆக இரண்டு நெகிழ்வட்டுகள் போதும் என்றாயிற்று. எனினும் வன்தட்டிலிருந்து தொடங்கச் செய்ய வேண்டுமானால், தொடக்க வட்டின் முதல் 512 பைட்டுகளில் 508, 509 ஆகிய இடங்களில் உள்ள எண்களைப் பயன்படுத்துபவரே கையால் மாற்ற வேண்டும்!

1992 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கணிப்பு மையம், நிறுவும் நிரலோடு சேர்ந்த தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. 1993 சூலையில் பேட்ரிக் வோல்கர்டிங்கின் ஸ்லாக்வேர் வந்தது. அதன் நெகிழ்வட்டுகள் இருபதுக்கு மேல். அதே ஆண்டு ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். இத்தகைய தொகுப்புகளை வழங்கல்கள் என்பர். ஸ்லாக்வேரும் டெபியனும் இன்றும் வாழ்கின்றன.

அந்நாளில் திரையை அமைப்பதிலும் அபாயம் இருந்தது. படக்குழாய்த் திரையில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடிப் படத்தை வரையும். ஒரு படத்திற்கு 525 கோடுகள், நொடிக்கு 60 படங்கள் என்றால், கற்றை நொடிக்கு 31,500 முறை ஓட வேண்டும். இந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துபவரே கோப்பில் எழுத வேண்டியிருந்தது. திரை தாங்கக்கூடியதைவிட மிகையாக எழுதினால், கற்றையை விலக்கும் மின்சுற்று சூடேறிப் பழுதாகக்கூடும். இன்றைய திரைகள் தம் தகுதியைத் தாமே கணிப்பொறிக்குத் தெரிவித்துவிடுகின்றன.

2000இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர், நாப்பிக்ஸ் என்னும் வழங்கலை வெளியிட்டார். அதைக் குறுவட்டிலிருந்தே இயக்கலாம். வன்தட்டைத் தொட வேண்டியதில்லை. நிறுவும் முன் சோதித்துப் பார்க்கும் இந்த வழி இன்று பெரும்பாலான வழங்கல்களில் உண்டு. குறுவட்டுக்குப் பதிலாக விரல் அளவே உள்ள யு.எஸ்.பி. நினைவகம் போதும்.

நீங்கள் செய்ய வேண்டுவது இதுதான். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்ற வழங்கல் ஒன்றின் கோப்பை அதன் இணையதளத்திலிருந்து இறக்குங்கள். மின்ட் வழங்கலுக்குக் குறைந்தது 2 கிகாபைட் நினைவகமும் 20 கிகாபைட் வட்டிடமும் வேண்டும். கோப்போடு 64 இலக்கங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்பு எண்ணும் தந்திருப்பார்கள். இறக்கிய கோப்பிலிருந்து அந்த எண்ணை நீங்களும் கணக்கிட்டு, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் கோப்பு பழுது என்று பொருள். பின் அதை அதற்கான நிரலைக் கொண்டு யு.எஸ்.பி. நினைவகத்தில் எழுதி, அதிலிருந்து கணிப்பொறியைத் தொடங்குங்கள். ஒலி கேட்கிறதா, இணையம் கிடைக்கிறதா என்று சோதித்த பிறகே நிறுவும் பொத்தானை அழுத்துங்கள்.

வட்டைப் பிரித்தல்

இனி வருவதுதான் கவனம் தேவைப்படும் கேள்வி. முழு வட்டையும் அழிப்பதா, இருப்பதன் பக்கத்தில் இடம் ஒதுக்குவதா?

1983இல் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டு கொண்ட கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே வட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் இருக்க வழி வேண்டும் என்று, வட்டின் முதல் 512 பைட்டுகளில் ஒரு சிறு அட்டவணை வைக்கப்பட்டது. நிலத்தை அளந்து கல் நட்டுப் பட்டாவில் எழுதுவது போன்றது இது. அதில் நான்கு பிரிவுகளுக்குத்தான் இடம் உண்டு. பிரிவின் தொடக்கத்தைக் குறிக்க 32 பிட்டுகள். ஆகவே 2 கிகாபைட் போன்ற அளவுகளைப் பல நூறு மடங்கு கடந்து, ஏறத்தாழ 2.2 லட்சம் கோடி பைட்டுகள் வரைதான் அதனால் கணக்கு வைக்க முடியும். வட்டுகள் அந்த எல்லையைத் தாண்டியதால், 64 பிட் எண்களைக் கொண்ட புதிய அட்டவணை இன்று வழக்கில் உள்ளது.

பட்டாவை மாற்றினால் நிலம் கைமாறிவிடும், வட்டிலும் அப்படித்தான். அட்டவணையை மாற்றி, புதிய கோப்பமைப்பையும் எழுதிவிட்டால் பழைய படங்களும் பாடக்குறிப்புகளும் போய்விடும். எனவே நிறுவுவதற்கு முன் உங்களுக்கு வேண்டிய கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுங்கள். எடுத்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

இடமாற்றுப் பகுதி என்றால் என்ன? நினைவகம் நிரம்பும்போது, அப்போதைக்குத் தேவைப்படாத பகுதியை வட்டில் இறக்கிவைக்கும் இடம். 1991இன் இறுதியில் ஜெர்மனியில் இருந்த ஒருவர், தம் கணிப்பொறியில் 2 மெகாபைட் நினைவகமே உள்ளதால் லினக்ஸைத் தொகுக்க முடியவில்லை என்றார். டோர்வால்ட்ஸ் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து இவ்வசதியை எழுதினார். மினிக்ஸில் அந்த வசதி இல்லாததால் பலர் லினக்ஸை நாடி வந்தனர். ஆனால் வன்தட்டு, நினைவகத்தைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு மெதுவானது. அவசரத்திற்கு உதவும் வசதியாகவே அதைக் கொள்ளுங்கள். இன்றைய வழங்கல்கள் பலவும் தனிப்பிரிவு கேட்காமல் ஒரு கோப்பையே இதற்கு வைத்துக்கொள்கின்றன.

பெயரும் கடவுச்சொல்லும்

உங்கள் சொந்தக் கணிப்பொறி உங்கள் பெயரை ஏன் கேட்க வேண்டும்? யூனிக்ஸ் பலர் பகிரும் இயந்திரத்தில் பிறந்ததே காரணம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் 1961இல் செய்துகாட்டிய நேரப்பகிர்வு அமைப்பு, அவரவர் கோப்பை அவரவர் மட்டும் காணக் கடவுச்சொல்லைக் கையாண்டது. 1960களில் ஒருநாள், நிருவாகிகள் இருவர் ஒரே சமயத்தில் இரு கோப்புகளைத் திருத்தியபோது கோப்புகள் இடம் மாறிவிட்டன. உள்நுழைந்த எல்லோருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் திரையில் தெரிந்தன!

யூனிக்ஸ் இதிலிருந்து பாடம் கற்றது. கடவுச்சொல்லை அப்படியே வைப்பதில்லை. அதை உருமாற்றி வைக்கிறது. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. நீங்கள் தட்டும் சொல்லையும் அதேபோல் அரைத்து, இருக்கும் மாவோடு ஒப்பிடுகிறது. ராபர்ட் மோரிசும் தாம்சனும் 1979இல் எழுதிய கட்டுரை இம்முறையை விளக்குகிறது. ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் மாவு வேறாகும்படி அதில் சிறிது 'உப்பு' சேர்க்க வேண்டும் என்றும் அவர்கள் கூறினர். கணிப்பொறியாளர் வழக்கில் அதன் பெயரே உப்புதான்.

கறுப்புத் திரை

நிறுவியாயிற்று. சன்னல்களும் படங்களும் உள்ள திரையிலேயே அன்றாட வேலைகளைச் செய்யலாம். ஆனால் முனையம் என்னும் கறுப்புச் சன்னலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எல்-எஸ் என்று இரண்டு எழுத்துகளைத் தட்டினால் கோப்புகளின் பட்டியல் வரும். சி-டி என்றால் வேறு அடைவுக்குச் செல்லும். சி-பி நகலெடுக்கும். ஆர்-எம் அழித்துவிடும், அழித்ததைக் குப்பைத்தொட்டியில் தேட முடியாது. மேன் என்றால் கையேடு. யூனிக்ஸின் முதல் பதிப்புக் கையேடு 1971 நவம்பரில் வந்தது.

ஏன் இத்தனைச் சுருக்கம்? தாம்சனும் ரிட்சியும் பயன்படுத்தியவை தொலையச்சுப் பொறிகள். மாடல் 33 என்னும் வகை நொடிக்கு 10 எழுத்துகள்தான் அச்சிடும். விசைகளும் கனமானவை. அந்நிலையில் ஓர் எழுத்தைக் குறைத்தாலும் மிச்சம்தானே?

1973இல் டக் மெக்கில்ராயின் நீண்ட நாள் வற்புறுத்தலால் தாம்சன் குழாய் என்னும் வசதியைச் சேர்த்தார். இரு கட்டளைகளுக்கு நடுவே | என்ற கோட்டை இட்டால், முதலாவதன் விடை இரண்டாவதற்கு உள்ளீடாகப் பாயும். உங்களிடம் ஆயிரம் அளவீடுகள் கொண்ட கோப்பு இருக்கிறது என்று கொள்வோம். வரிசைப்படுத்தும் கட்டளையைத் தலைப்பகுதி காட்டும் கட்டளையோடு குழாயால் இணைத்தால், மிகச் சிறிய பத்து அளவீடுகள் நொடியில் கிடைக்கும். நிரல் ஏதும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

யூனிக்ஸில் வன்தட்டும் அச்சுப்பொறியும்கூடக் கோப்புகளாகவே தோற்றமளிக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று அனுமதி எண்கள் உண்டு. உரியவருக்கு, குழுவினருக்கு, பிறருக்கு என மூன்று இலக்கங்கள். 754 என்றால் உரியவருக்கு மூன்று உரிமைகளும், குழுவினருக்குப் படிக்கவும் இயக்கவும், பிறருக்குப் படிக்க மட்டும். இவ்வரம்புகளைக் கடந்தவர் ரூட் எனப்படும் முதன்மைப் பயனர். அந்த அதிகாரத்தைத் தேவையான கணத்திற்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டோர்வால்ட்ஸே ஒருமுறை தொலைபேசி இணைப்புக்கருவிக்கு அனுப்ப வேண்டிய கட்டளைகளைக் கைதவறி வன்தட்டுக்கு அனுப்பி, தம் மினிக்ஸ் பிரிவை அழித்துவிட்டார். அதை மீண்டும் நிறுவாமல், தாம் எழுதிய லினக்ஸிலேயே இனி வாழ்வது என்று அன்று முடிவு செய்தார்.

உங்கள் முறை

10,000 வரிகளில் தொடங்கிய கருவகம் இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. 2017 நவம்பர் முதல், உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ள அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. 2021இல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி என்னும் சிறு ஹெலிகாப்டரிலும் அதுவே இருந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் லினக்ஸ் கருவகம்தான். சென்னையில் உள்ள சி-டாக் மையம் 2007இல் பாஸ் என்னும் வழங்கலை இந்திய மொழிகளின் வசதியோடு வெளியிட்டது.

இவ்வளவு தூரம் பரவியதற்குப் படிக்கும் உரிமையே முதற்காரணம். 1979இல் வகுப்பறையில் தடை செய்யப்பட்ட பாடம் இன்று எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, கட்டணமும் இல்லை. ஒரு விடுமுறை நாளில் அந்தப் பழைய மடிக்கணினியைத் தூசி தட்டி எடுங்கள். கோப்புகளை முதலில் நகலெடுங்கள். பிறகு யு.எஸ்.பி. நினைவகத்திலிருந்து தொடங்கி, திரையில் வரும் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அவை எங்கிருந்து வந்தவை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.